தலைமன்னாரின் பிரெஞ்சுக் கழுதை

என் செல்லத் தங்கச்சி பிலோமினாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் பிரெஞ்சு பேச ஆள் இருக்கிறதா? இல்லாவிட்டால் இந்நேரம் வானதூதர்களை வரிசையில் நிறுத்தி, கையை ஆட்டு, காலைத் தூக்கு, பாடு என்று படிப்பிக்கத் தொடங்கியிருப்பாய். பாவம், அவர்களுக்காக மன்றாடிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் கழுதையாகிவிட்டேன்.

பயப்படாதே, விபரமாகச் சொல்கிறேன்.

நீ போன பிறகு பள்ளிக்கூடத்தில் உன் வெள்ளிக்கிழமைப் பிரெஞ்சு வகுப்பை ஜெனி எடுத்துக்கொண்டாள். உன் மகளின் பிரெஞ்சு உன்னுடையதைவிடத் திறம். இதைச் சொன்னதற்காகக் கனவில் வந்து குட்டாதே. ஆனால் குரல்? நாலு பேர் பார்த்தால் போதும், தொண்டையில் இருந்து இறங்கிச் செருப்புக்குள் போய் ஒளித்துக்கொள்ளும். அப்படியிருந்தும் எல்லாம் உன் முறைதான். 'நேற்று' என்றால் பெருவிரல் தோளுக்குப் பின்னால். 'நாளை' என்றால் சுட்டுவிரல் கடலைப் பார்த்து. 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்' முழுவதும் பைலாப் பாட்டு மெட்டில். பாரிஸில் இருந்த காலத்தில் பேக்கரியில் நீ மாக் குழைத்தாயே, அந்தக் கைதான் இன்றைக்கும் 'செய்வது' என்ற சொல்லுக்கு அடையாளம். வகுப்பு முழுவதும் 'ஃபேர்' என்று காற்றைக் குழைக்கும்போது, அந்தக் காற்றிலேயே பாண் சுட்டுத் தீவு முழுவதற்கும் காலைச் சாப்பாடு கொடுக்கலாம்.

பிரெஞ்சு 'ர' தொண்டைக்குள் உருளவேண்டும் என்று உப்புத்தண்ணீர் கொப்பளிக்க வைத்தாயே, அதுவும் நடக்கிறது. ஊரில் ஒரு பிள்ளைக்கும் தொண்டை நோ இல்லை. மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் புது அதிபர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கனவிலும் கணக்குத்தான் செய்வார்போல.

"பிள்ளை, இது ஆட்டமும் பாட்டும்தானே? இந்த நேரத்துக்குக் கணக்கு வைச்சால் இன்னும் கொஞ்சப் பிள்ளையள் பாஸ் பண்ணுமெல்லோ?" என்று ஜெனியைக் கேட்டிருக்கிறார். பிறகு ஒரு தீர்ப்பும் சொன்னார். கல்விக் கந்தோர் அதிகாரி, பிரெஞ்சு படித்த ஒரு மிஸ், பிள்ளைகள் போடுகிற பிரெஞ்சு நாடகம் பார்க்க வருகிறார். நாடகத்தில் இல்லாத ஒரு கேள்வியை அவர் கேட்பார். ஒரு பிள்ளையாவது பிரெஞ்சில் பதில் சொன்னால் வகுப்பு இருக்கும். இல்லாவிட்டால் கணக்கு.

ஜெனி வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. "அம்மாட வகுப்பை நான்தான் மூடிப்போடுவன்போல, மாமா" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கடல் இரண்டு முழம் உள்வாங்கியது.

நாடகம் மீன் சந்தையைப் பற்றியது. அதில் ஒரு கழுதை வேண்டும். மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? ஆனால் ஒரு பெடியனும் சம்மதிக்கவில்லை. காரணம் உன் பிரெஞ்சுதான். கழுதைக்கு அந்த மொழியில் 'ஆன்' என்று சொல்கிறார்களே, அதைக் கேட்ட முதல்நாளே வள்ளக்காரர் ஹனீபாவின் மகள் றிஸ்னா எழும்பி, "அப்ப ஆண் எண்டால் கழுதையோ, மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். பெட்டைகள் சிரித்த சிரிப்பில் கூரை ஓடு கழன்றது. போதாததற்கு, நாங்கள் 'ஆமாம்' என்பதற்குச் சொல்கிற 'ஓம்' அங்கே மனிதனுக்குப் பெயராம். "அப்ப 'நீ ஆணோ?' எண்டு கேட்டால் 'ஓம்' எண்டாலும் மாட்டினியள், இல்லை எண்டாலும் மாட்டினியள்!" என்றாள் றிஸ்னா. பெடியன்கள் மானம் காக்க ஒதுங்கினார்கள். காக்க மானம் எதுவும் மிஞ்சாத நான் அட்டையில் செய்த கழுதைத் தலையை மாட்டிக்கொண்டேன்.

நாடகத்தன்று நான் கத்திய கத்தலில் இராமேஸ்வரத்துக் கழுதைகள் வாயடைத்துப் போயினவாம். பிள்ளைகள் பிரெஞ்சில் மீன் விலை பேசிச் சண்டை பிடித்தார்கள், பாடினார்கள். முடிந்ததும் அந்த மிஸ் எழும்பி மேடைக்கு வந்தார். என்னைச் சுட்டிக்காட்டி, பக்கத்தில் நின்ற றிஸ்னாவிடம் பிரெஞ்சில் கேட்டார்: "இது ஒரு மனிதனா?"

"ஓம்!" என்றாள் றிஸ்னா.

அதிபர் உடனே எழும்பிவிட்டார். "பாத்தீங்களோ மிஸ், தமிழிலதான் பதில் சொல்லுறாள்."

மிஸ் கொழும்பில் இருந்து வந்தவர். அவர் வாயில் 'ஆமா'தான் வரும். "இல்ல சார், ஓம்னா பிரெஞ்சுல மனுஷன். சரியான பதில்தான்."

"ஓம் எண்டால் ஓம்தான் மிஸ். இஞ்ச பிறந்த குழந்தையும் அதைத்தான் சொல்லும்."

"அது பிரெஞ்சு, சார்."

"அது தமிழ், மிஸ்."

அட்டைத் தலைக்குள் நான் வேர்த்து ஓடினேன். திரைக்குப் பக்கத்தில் ஜெனியின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. கடைசியில் இருவரும் றிஸ்னாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ எந்தப் பாஷையில சொன்னனீ?" என்று அதிபர் கேட்டார்.

"தமிழிலதான் சொன்னனான், சேர்."

பாழாய்ப்போன நேர்மை! ஜெனி கண்ணை மூடிக்கொண்டாள். அதிபர் பேனையை எடுத்தார்.

"பொறுங்கோ சேர், இன்னும் முடியேல்லை" என்றாள் றிஸ்னா. என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு கையாலும் காற்றை நன்றாகக் குழைத்தாள். பிறகு கைகளைக் காதாக நிமிர்த்திக்கொண்டு, "இல் ஃபே லான்!" என்றாள். அவர் கழுதை செய்கிறார்.

அந்த மிஸ் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. தெரிந்துகொண்டே முட்டாள் வேஷம் போடுகிறவனைப் பிரான்ஸில் அச்சொட்டாக அப்படித்தான் சொல்வார்களாமே? "இத யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார்.

அப்போதுதான், தங்கச்சி, அந்தக் குரல் செருப்பை விட்டு ஏறி வந்தது. மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது. "நான் படிப்பிக்கேல்லை, மிஸ். அவளே செய்தது."

அதிபர் பேனையை மூடினார். "வெள்ளிக்கிழமை அப்பிடியே இருக்கட்டும். கணக்கை நான் வியாழனில பாக்கிறன்."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், "பிலோ, கேட்டியே சங்கதி" என்று கூப்பிட்டுவிட்டேன். உள்ளே ஒருவரும் இல்லை. அதுதான் இதை எழுதுகிறேன். கேட்டாயா?

ஜெனி அடுத்த நாடகத்தைத் தொடங்கிவிட்டாள். அதில் மழை வருகிறதாம். "இந்த வெயிலுக்க மழைக்கு எங்க போவம், பிள்ளை?" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

ஆகவே தங்கச்சி, வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமைகளில் உன் மகள் அந்த மண்டபத்தில் தனியாக நிற்கமாட்டாள். பெய்யச் சொன்னால் பெய்வேன்.

உன்னோடு ஒரே கோப்பையில் சண்டைபிடித்துச் சாப்பிட்ட,
சூசை அண்ணா