பிக்ரித்தியா என்று எழுதினேன்

ஜூன் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து அடைமழை. தோட்டத்து மருந்துச்சாலையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா தீரப்போகிறது, இரத்தினபுரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பஜாரில் காக்காவின் பழைய சாமான் கடையில் வாங்கிய லத்தீன் அகராதி கையை விட்டு இறங்கவில்லை. அடேயப்பா! தூக்கத்துக்கும் மந்தத்துக்கும் இத்தனை வார்த்தையா? சோப்போர், செத்தாற்போல் உறக்கம். தோர்ப்போர், கைகால் மரத்த மந்தம். வெதெர்னுஸ், நாள்பட்டது. செக்னித்தியா, உள்ளே நெருப்பில்லாமை என்று ஒரு விளக்கம். பிக்ரித்தியா, வெறும் சோம்பல். மனுஷன் கண்ணயர்வதை எப்படி உற்றுப் பார்த்திருக்கிறார்கள்! மெய்சிலிர்க்கிறது.

பிற்பகல் கங்காணி வந்தார். "இந்த மாரியாயி இன்னைக்கும் கொழுந்து பறிக்கிற மலையிலேயே தூங்கிட்டாளுங்க ஐயா." நோயாளிப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே 'பிக்ரித்தியா' போட்டேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தோட்டத்துத் துரை லத்தீன் படித்தவர், மெச்சுவார் என்று ஓர் ஆசை.

ஜூன் 5, செவ்வாய்

மழை. புத்தகத்தைப் பார்த்த துரை மெச்சவில்லை. "சோம்பேறி. சனிக்கிழமை துண்டு குடு" என்றாராம் கிளாக்கரிடம். துண்டு கொடுத்தால் தோட்டத்தை விட்டே வெளியே. புருஷனை இழந்தவள், கைக்குழந்தை வேறு. எங்கே போவாள்? எல்லாம் என் ஒரு வார்த்தையால்.

அவள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். சுவரோரம் சாய்ந்திருந்தாள். கண் ரப்பையை இழுத்துப் பார்த்தால் சொட்டு ரத்தமில்லை. நகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பக்கத்து மண்சுவரில் சுரண்டிய பள்ளம்.

"என்னம்மா இது?"

"மண்ணுதாங்க ஐயா. திங்காம இருக்க முடியலீங்க."

குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப் புழு! மண் தின்பது அதன் அடையாளம். மடையன், நான் மடையன்.

ஜூன் 7, வியாழன்

நேற்றிரவு அவளுக்குப் பட்டினி. காலையில் புழுவுக்குத் தைமோல், பிறகு பேதி உப்பு. கழிந்ததை நானே துணியில் அலசினேன். வெள்ளை நூல் துண்டுகள், நெளிந்துகொண்டு. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். இத்தனூண்டு பூச்சிகளா ஒரு பெண்ணின் நெருப்பை அணைத்தன? கடவுளே, என்ன படைப்பு!

ஜூன் 8, வெள்ளி

புழுக்களைக் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு. வேலை போனாலும் போகட்டும். "ஆளைப் பார்க்காமலே எழுதிட்டேங்க துரை. தப்பு என்னோடது." குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துண்டு வேணாம். நீ மொதல்ல பாரு. பொறவு எழுது."

குடையை அங்கேயே மறந்து வந்துவிட்டேன்.

ஜூன் 29, வெள்ளி

வெயில்! கொயினா வந்து சேர்ந்தது. இரண்டாம் தரமும் தைமோல், மூன்று வாரமாக இரும்பு மருந்து. காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுக்கும் முன்பே மாரியாயி வந்து நிற்கிறாள், கூடையோடு. உதட்டில் நிறம் வந்திருக்கிறது. வைத்த கண் வாங்காமல் பார்த்தேன்.

கிட்டே வந்தாள். "புழுவுதானாங்க ஐயா? இத்தன நாளும் நானும் என்னையச் சோம்பேறின்னுதாங்க நெனச்சிருந்தேன்."

நாலாம் நம்பர் மலைக்கு ஓட்டமாக ஏறிப் போனாள்.