ஐஸ் இல்லாத கால் மணி நேரம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இதையெல்லாம் எழுதுவதா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. பொறுத்துக்கொள், என் நாட்குறிப்புக் கொப்பியே. எழுதாமல் படுத்தால் நித்திரை வராது.

தைரொயிட் ஓமோன் கொடுத்த எலியின் ஈரற்கலங்களில், சக்தி தரும் நுண்ணுறுப்புகளான இழைமணிகள் கூடுதலாக ஒட்சிசன் எடுக்க வேண்டும். இன்று எங்கள் ஆய்வுகூடத்தில், ஓமோன் கொடுக்காத எலியுடையதை விடவும் குறைவாகத்தான் எடுத்தன. ஆய்வை நடத்தும் பேராசிரியர் சேருக்கு ஒரே சந்தோஷம். "ஒருத்தரும் எதிர்பாராத முடிவு, பிள்ளை! வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலை சொல்லுவம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். அளக்கும்வரை குழாய்களைக் குளிரில் வைக்கும் ஐஸ் வாளியைப் பக்கத்து மேசை அண்ணை எடுத்துக்கொண்டு போனார். திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு நின்றேன். மற்றதை முதலே அளந்து முடித்திருந்தேன்; ஓமோன் கொடுத்த எலியின் இழைமணிகள் இருந்த குழாய் மட்டும் கால் மணி நேரம் இந்த வெக்கையில் கிடந்தது. இழைமணிகள் அதற்குள் பழுதாகியிருக்கும்.

இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

"கடலுக்குப் போறவன்ரை மகள், ஐஸ் இல்லாமல் விட்டனியோ? மீனெண்டால் நாறிக் காட்டிக் குடுத்திடும். உங்கடை சாமான் நாறாதோ?"

"இல்லையப்பா."

நாறாது. நான் வாய் திறந்தால்தான் தெரியவரும்.

நாளைக்கு சேர் வரும் முன்னரே அவருடைய அறை வாசலில் நிற்பேன். சொல்லப்போவதை இங்கே எழுதிப் பழகுகிறேன்.

சேர், அந்த முடிவைக் கூட்டத்திலை சொல்லாதேங்கோ. பிழை என்னிலைதான். இன்னொருக்கால் செய்து பாக்க விடுங்கோ.