ஏலம் போகாத பிடியரிசி

இன்றைக்குக் காற்று தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து வீசுகிறது. ஷாப் மூடிக் கிடந்தாலும் ஊறின தோலும் ஆவாரம்பட்டையும் கலந்த அந்த வாடை போகவில்லை. போர்டிங்கில் மற்றப் பிள்ளைகள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு தூங்குகிறார்கள். நான் விளக்குத் திரியை இறக்கிவைத்து உனக்கு எழுதுகிறேன். வார்டனம்மா பார்த்தால் தொலைந்தேன்.

இந்த வாடைக்கு நாங்கள் முகம் சுளிக்கும்போதெல்லாம் நீ சிரிப்பாய். "பரலோகத்துலயும் இந்த நாத்தம் அடிக்கும்டி. எங்கப்பா அங்க வருவாரு இல்ல?" உன் அப்பா சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவர் என்பதை நீ ஒருநாளும் மறைத்ததில்லை.

சமைக்குமுன் ஆளுக்கொரு பிடி அரிசி எடுத்துக் கோயில் பானையில் போடுவோமே, அப்போதுதான் நீ கேட்டாய்: "ஏம்மா, இத்தக் கர்த்தர் எப்படிச் சாப்பிடுவாரு?" வார்டனம்மா உன் காதைத் திருகினார்கள். "நாக்கு நீளம்டி உனக்கு." ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த அரிசியை ஏலம் விட்டு, காசைக் கோயில் மணிக்குச் சேர்ப்பது வழக்கம். எனக்கு அதில் கேட்க ஒன்றும் தோன்றியதில்லை.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இப்போது சரக்கு போகவில்லை என்று ஷாப்பையும் மூடிவிட்டார்கள். உங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. இன்று கோயிலில் பாட்டுக்கு எழுந்த உன் அம்மா, நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சபை மூப்பர் ஏலத்தைத் தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன். முழங்கால் உதறியது. "ஐயா, அரிசிய விக்காதீங்க. தோல் ஷாப் தெருவுல யாரும் சாப்பிடல."

"பொட்டப்புள்ளைக்குக் கோயில்ல இன்னா பேச்சு? உக்காரு!" என்று மூப்பர் அதட்டினார்.

உட்காரத்தான் நினைத்தேன். அதற்குள் என் வாய் உன் கேள்வியைக் கேட்டுவிட்டது. "இத்தக் கர்த்தர் எப்படிங்க ஐயா சாப்பிடுவாரு?"

யாரோ சிரித்தார்கள். போதகர் இறங்கி வந்தார். அரிசிக் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூப்பரைப் பார்த்தார். மூப்பர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் மறுபக்கத்தைப் பிடித்தார்.

உங்கள் தெருமுனையிலேயே அடுப்பு மூட்டினோம். பக்கத்துத் தெரு பாய் ஒருவர் கல்யாணத் தேக்சாவைத் தூக்கி வந்தார். "இன்னா பாப்பா, பிரியாணி வேகுற தேக்சாவுல கஞ்சியா? அதுக்கு ரோஷம் வந்துடும்!" என்று சொல்லிக்கொண்டே தன் வீட்டுப் பருப்பையும் அதில் கொட்டினார். தெருவே சிரித்தது. பசித்தவர்கள் சிரித்த அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். உன் அம்மா இரண்டாம் தடவையும் கிண்ணத்தை நீட்டினார்கள்! ஷாப் திறக்கும்வரை பிடியரிசி இங்கேதான் வரும் என்று மூப்பரே தம் வாயால் சொல்லிவிட்டுப் போனார்.

போர்டிங் திரும்பியதும் வார்டனம்மா, "காலைல என் ரூமுக்கு வா" என்றார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பினாலும் உங்கள் தெரு குடித்த கஞ்சியை யாரும் திரும்ப வாங்க முடியாது.

உன் தைரியம் எனக்கு வரவில்லை. நாளைக்கும் நடுங்குவேன். ஆனால் நடுங்கிக்கொண்டே எழுந்து நிற்கலாம் என்று இன்று தெரிந்துகொண்டேன். அதை வைத்துக்கொண்டு காலையில் அந்தக் கதவைத் தட்டுவேன்.