மீன் படிப்புக்குப் பூக் கேட்கப் போனோம்

ஏனுங்க, என் அன்பானவரே,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நீங்கள் இருந்தபோது எப்படிக் கூப்பிட்டேனோ, இப்போதும் அப்படியேதான். காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லைங்க. உலையை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறேன், அதைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்க்கிறேன். உங்கள் அண்ணன் நம் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். எல்லாம் நம் தாரணியின் படிப்பு விஷயம்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

ஆரம்பித்து வைத்தது நீங்கள்தானே. அவள் எட்டாவது படிக்கும்போதே 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். பால் சொசைட்டியில், சலூனில், கோயமுத்தூர் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், ஒருவரையும் விடவில்லை. "எம்மக டாக்டருக்குப் படிக்கப் போறாளுங்க." வாய் வலிக்கவில்லையா உங்களுக்கு? அப்புறம் அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

எழவு வீட்டில் உங்கள் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, அப்பன் ஆசைய நீதான் நெறவேத்தோணும்" என்றார். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு எதைச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பாள், பாவம். எனக்கு அது இப்போதுதான் உறைக்கிறது.

பிளஸ் டூ முடித்துவிட்டு நீட் எழுதினாள். மார்க் போதவில்லை. இன்னொரு வருடம் அதையே படித்துத் திரும்ப எழுதுவதை நம் ஊரில் 'ரிப்பீட்' என்கிறார்கள். திருச்சூரில் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டோம். அங்கே பிள்ளைகள், "தமிழ்நாட்டுக்காரியா?" என்று கேட்டார்களாம். கோயமுத்தூரில் துணி எடுக்கப் போனால், "கேரளாவுங்களா?" என்கிறார்கள். கேரள எல்லைக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசுகிற நாம் எங்கே போனாலும் வெளியூர்தான், அது பழகிவிட்டது. ஆனால் பழகாத ஒன்றும் இருந்தது. போனில் அவள் பேசுவதே குறைந்துபோனது. "சாப்டியா கண்ணு?" என்றால் "ம்". "படிக்கறியா?" என்றால் அதற்கும் "ம்". படிப்புப் பாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடமும் டாக்டர் சீட் கிடைக்கவில்லைங்க. ஆனால் நீட் மார்க்கை வைத்துச் சீட் ஒதுக்குகிற அலாட்மென்டில் வேறொன்று வந்தது. மீன் படிப்பு. சிரிக்காதீங்க. மீன் வளர்ப்பு, கடல், படகு, வலை, எல்லாம் சேர்த்து நாலு வருடப் பட்டமாம், கொச்சிப் பக்கம் காலேஜ். மழை எட்டிப் பார்க்காத இந்தக் கிழக்குச் சீமையில், மீன்காரன் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால்தான் மீனையே பார்க்கிற வீட்டில் பிறந்தவளுக்கு! மீன் சாப்பிட்ட அன்றைக்கு யாரையும் மோர் குடிக்க விடமாட்டீர்களே, அந்த மனுசனுடைய மகளுக்கு!

பக்கத்து வீட்டு ருக்மணி வந்து, "ஏனுங்கக்கா, மீன் விக்கறதுக்கெல்லாமா பட்டம் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். "உனக்குக் குடுக்க மாட்டாங்க, போடி" என்று அனுப்பிவிட்டேன். அவளை அனுப்பிவிட்டேனே தவிர, எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள்? அவ்வளவு தூரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒரு வார்த்தை கேட்க நீங்களும் இல்லை.

உங்கள் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். "இன்னொரு வருசம் எழுதட்டும். தம்பி ஆசைய மீனுக்குப் போடறதா?" சேருகிறோமா இல்லையா என்று மறுநாள் சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். விட்டால் சீட் போய்விடும். எனக்கு மனசு இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. கடைசியில் அவர், "செரி, நாம ஏன் சண்ட போடறோம்? அம்மன்கிட்டப் பூக் கேட்டுருவோம்" என்றார். நானும் சரி என்றேன். யாராவது முடிவு செய்தால் போதும் என்று இருந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் திரும்ப எழுத வேண்டும், சிவப்பு வந்தால் மீன் படிப்பு. விவரம் தெரியாத ஒரு குழந்தை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு மாற்றுப் பேச்சே இல்லை. நம் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கேட்டார்கள், போர் போடுவதற்கும் அப்படித்தான் கேட்டோம். போருக்கும் நல்ல பூதான் வந்தது. துளைத்துத் துளைத்துப் பார்த்தும் வெறும் மண்புகைதான் வந்தது. அதைப் பற்றி மட்டும் நீங்கள் அம்மனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை!

மறுநாள் காலையில் மாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டினார். உங்கள் அண்ணன் தன் பேத்தியை இறக்கிவிட்டு, "போ தங்கம், ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார். குழந்தை இரண்டடி வைத்தது. அப்போதுதான் தாரணி வாயைத் திறந்தாள்.

"பெரியப்பா, சாமிகிட்டக் கேக்கறதுக்கு முந்தி, எங்கிட்ட ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லைங்க. பூசாரி மணியை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். உங்கள் அண்ணன், "சாமி முன்னால என்ன பேச்சு அம்மிணி? நீ சும்மா இரு" என்றார். நான், "இருங்க மாமா, அவ சொல்லட்டும்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "அம்மா, அன்னைக்குக் கார்ல அப்பா தலைய நாந்தானுங்க மடியில வெச்சிருந்தேன். கோயமுத்தூர்ல எறக்கி ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனாங்கல்ல, அந்த மருந்து வாசம் இன்னும் எம்மூக்க விட்டுப் போகலீங்க. திருச்சூர்ல காய்ச்சல் வந்தப்போ ஆசுபத்திரி வாசல் வரைக்கும் போயிட்டு, உள்ள கால் வெக்க முடியாம திரும்பி வந்துட்டேன். நான் எப்படீங்கம்மா டாக்டராவேன்?"

"ஏங்கண்ணு, இத்தன நாள் எங்கிட்டச் சொல்லல?"

"அப்பா ஆசைன்னு எல்லாரும் சொன்னீங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தக் காரில் நானும்தான் இருந்தேன். முன்சீட்டில் உட்கார்ந்து, வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டுகிற வரைக்கும், "வேகமாப் போங்க, வேகமாப் போங்க" என்று டிரைவரைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பிள்ளை உங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாளே, அவளை ஒருதரம் திரும்பிப் பார்த்தேனா? காலேஜுக்கு ஆப்ஷன் கொடுத்தபோது ஆயுர்வேதம், ஓமியோபதி எதையுமே அவள் வைக்கவில்லை. நோயாளி இல்லாத படிப்பாகப் பார்த்து வைத்திருக்கிறாள். எல்லாம் எங்கள் கண் முன்னால்தான் நடந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "மாமா, பூ வேண்டாமுங்க" என்றேன். பூசாரி, "வெச்சாச்சே ஆத்தா, எடுக்கோணுமே" என்று இழுத்தார். "அம்மனுக்கே இருக்கட்டுமுங்க" என்றேன். உங்கள் அண்ணன் பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பூ எடுக்க விடவில்லை என்று அந்தக் குழந்தை தெருக்கோடி வரைக்கும் வீல் வீல் என்று அழுதுகொண்டே போனது. அவர் கோபம் எனக்குப் புரிகிறதுங்க. தம்பிக்காகத் தன்னால் செய்ய முடிகிற ஒரே காரியம் அது என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து, சேருகிறோம் என்று அவளே போனில் அழுத்தினாள். அப்புறம் மெல்லக் கேட்டேன், "ஏஞ்சாமி, இத்தன படிப்பு இருக்கறப்போ எதுக்கு மீனு?" சொல்லுவதற்கு வெட்கப்பட்டாள். ஹாஸ்டல் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனாளாம். "அங்க நின்னப்போ மூச்சு நல்லா வந்துச்சுங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு காரணமாங்க? நாலு வருடப் படிப்புக்கு இது போதுமா? போதுமோ போதாதோ, நம் பிள்ளைக்கு எங்கேயோ மூச்சு நன்றாக வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் ஒரு வருடம் ஓடியிருக்கிறது.

திங்கட்கிழமை கொச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். பெட்டி வாங்கியாயிற்று. அவள் போன பிறகு இந்த வீட்டில் நான் மட்டும் எப்படி இருக்கப் போகிறேன் என்று தெரியவில்லை. அங்கேயும் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது, அதுவும் தெரியவில்லை. வந்தால் வரட்டும், அவள் வீடுதானே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம். ஆசையை ஊரெல்லாம் சொன்னீர்கள். அது வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லாமல் போய்விட்டீர்கள்.

அதனால் இனி நானே பார்த்துக்கொள்கிறேன், இது சத்தியமுங்க. 'அப்பா ஆசை' என்று யாராவது அவள் முன்னால் இழுத்தால், அது உங்கள் அண்ணனே ஆனாலும், "அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அவங்களே வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க" என்று நான் சொல்லுவேன். உங்களைக் கேட்காமல், உங்கள் பெயரில், சாகிற வரைக்கும் சொல்லுவேன். இல்லை என்று மறுக்கோணும்னா, நீங்க இருந்திருக்கோணுமுங்க.

இப்படிக்கு,
தாரணியின் அம்மா,
உங்கள் சாந்தாமணி