முட்டுக்குக் கொஞ்சம் மேலே

ஜனவரி 12, ஞாயிறு
தமிழ்ச் சங்கத்துக் கிரிக்கெட். காலை அகட்டிப் பந்தைப் பிடித்தேன். பந்து வந்துவிட்டது, கால் திரும்பி வரவில்லை. தொடையின் உட்பக்கம், அதுவும் மேலே. எங்கே வலி என்று பையன்கள் கேட்டார்கள். முழங்கால் முட்டு என்றேன். தாராவியில் பை தைக்கும் பட்டறை முதலாளி, அணிக்கு கேப்டன் - வேறு எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவது?

ஜனவரி 14, செவ்வாய்
பொங்கல். வந்தவர்களெல்லாம் முட்டுக்கு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு நாகராஜ் எண்ணெயோடு வந்து தானே தேய்த்தும் விட்டார். முட்டு பளபளக்கிறது. நடக்கத்தான் முடியவில்லை.
என் மனைவி செண்பகவல்லிக்கும் முட்டு வலி உண்டு. போன மழையில் பட்டறை ஏணியில் வழுக்கினாள். தைலம் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 17, வெள்ளி
எக்ஸ்ரே. முட்டு அருமையாக இருக்கிறதாம்.

ஜனவரி 20, திங்கள்
பிப்ரவரி 2 ஃபைனல், தாணேக்காரர்களோடு. எனக்குப் பதில் அணியில் இருக்கும் ஷகீலைக் கேப்டனாக்கலாம் என்று பேச்சு. விடுவேனா? பட்டறைப் பங்குதாரர் தாஹிரின் மகள் பரீஹா பிசியோதெரபிஸ்ட். அவளிடம் போனேன். அவளிடமும் முட்டு என்றேன். இரண்டு முட்டுக்கும் நடுவில் தன் முஷ்டியை வைத்து நெருக்கச் சொன்னாள். உயிர் போயிற்று.
"மாமா, இது முட்டு இல்ல. தொடையில உள்பக்கத் தசை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.
இடுப்பெலும்பின் முன்னால் தொடங்கி, தொடையெலும்பின் நடுவில் போய் ஒட்டுகிறதாம். அகன்ற காலை உள்ளே இழுப்பது, ஒற்றைக்காலில் நின்றால் சாயாமல் பிடிப்பது அதன் வேலை. அப்படியென்றால் லோக்கல் ரயில் கதவில் தொங்கும் பம்பாயையே தாங்குவது அதுதான். ஆனால் பெயரை வாயால் சொல்லக் கூடாது!
தினமும் தொடை நடுவில் தலையணை வைத்து நெருக்க வேண்டும்.

ஜனவரி 23, வியாழன்
நெருக்கிக்கொண்டிருந்தேன். செண்பகவல்லி உள்ளே வந்துவிட்டாள். போர்வையை இழுத்தும் பயனில்லை. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், கதவைச் சாத்தினாள்.
"எனக்கும் அங்கதான். ஏணியில வழுக்குனதுலருந்து."
"முட்டுன்னுல்லா சொன்ன?"
"நீங்க மட்டும் என்ன சொன்னீய?"
எனக்கு எண்ணெய், எக்ஸ்ரே, பிசியோதெரபி. அவளுக்கு ஒரு பாட்டில் தைலம். சே.

பிப்ரவரி 2, ஞாயிறு
பரீஹாவுக்கு இன்று காலைதான் ஒழிவு. ஃபைனலை ஷகீலிடம் விட்டுவிட்டேன். செண்பகவல்லி உள்ளே, நான் வெளியே பெஞ்சில். ஷகீல் போன் செய்தான். ஜெயித்துவிட்டார்களாம். கேப்டன் இல்லாத குறையே தெரியவில்லையாம்.
பக்கத்தில் யாரோ மெதுவாக வந்து உட்கார்ந்தார். நாகராஜ். எங்கே வலி என்று கேட்டேன்.
"முட்டுதான், அண்ணாச்சி."
வீட்டில் தலையணை இருக்கிறதா என்று கேட்டேன்.