புக்கிட் பூத்துஸ் இறக்கம்

காஜா பெராங்,
மலாக்கா.
5-8-1958

அன்புள்ள அத்தானுக்கு,

கமலவேணி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் தோள் காயம் ஆறுகிறதா என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுதுங்கள்.

நேற்று தபால்காரர் உங்கள் கடிதத்தைச் சைக்கிள் கடையிலேயே கொடுத்துவிட்டார். நல்லவேளை, அத்தை கையில் சிக்கவில்லை. சீதாவுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். உங்கள் தங்கை அல்லவா, பாதி கேட்கும்போதே அவளுக்கு முகம் மாறிவிட்டது.

கோலாலம்பூரில் சைக்கிள் பயிற்சி கடுமையாக இருக்கும் என்று தெரிந்துதான் போனீர்கள். கெந்திங் செம்பா மலையில் இறங்கும்போது விழுந்ததும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுதியிருக்கிறீர்களே, வளைவு வந்தாலே கை தானாகப் பிரேக்கை இறுக்குகிறது, எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், பேசாமல் என் இடத்தைப் பொன்னுதுரைக்கு விட்டுக்கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று. அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பொன்னுதுரை நல்ல ஓட்டக்காரர். சமதரையில் அவரை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் இது நாலு நாள் மலைச் சைக்கிள் பந்தயம். மேட்டில் ஏறுவதற்கு நம் குழுவில் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? மெர்டேக்கா, அதாவது நம் சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவுக்கு வைக்கிற பந்தயம், மலாக்காவிலிருந்து இப்படி ஒரு குழு போவதும் இதுதான் முதல் தடவை. முடிகிற இடமும் நம் ஊர்த் திடல். அங்கே நீங்கள் சட்டையும் வேட்டியுமாக என் பக்கத்தில் நின்று கைதட்டுவதை நான் பார்க்க வேண்டுமா?

குழு மேனேஜர் கலியாணசுந்தரம் சாரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே இருங்கள். நான் அடுத்த கடிதம் எழுதும்வரை வாயைத் திறக்க வேண்டாம். இது என் வேண்டுகோள்.

விழுந்த இடத்தைப் பற்றி நீங்கள் சரியாக எழுதவில்லை. வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடித்தீர்களா, அதற்கு முன்பா? முன் சக்கரம் வழுக்கியதா, பின் சக்கரமா? பிரேக் கட்டைகளைக் கழற்றி நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுந்தாவிட்டால் அவை காய்ந்து கல்லாகிவிட்டன என்று அர்த்தம். என் அப்பா இந்தக் கடையை நடத்திய காலத்திலிருந்து நான் பார்க்காத பிரேக் இல்லை. ஆனாலும் மலையில் என்ன நடக்கிறது என்பது கடைக்குள் உட்கார்ந்துகொண்டு தெரியாது.

விடுதியில் ரொட்டியும் முட்டையும்தான் கொடுக்கிறார்கள் என்று குறைப்பட்டிருந்தீர்கள். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பச்சைப்பயற்று உருண்டை பிடித்து அனுப்புகிறேன். மலை ஏறத் தொடங்குவதற்கு முன்பே ஒன்று சாப்பிட வேண்டும், பசித்த பிறகு அல்ல.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அப்பு, ரப்பர் பாரம் ஏற்றிக்கொண்டு லாரியில் சிரம்பான் போகிறார். கடைக்கு டியூப் வாங்க வேண்டியிருப்பதால் சீதாவும் நானும் கூடப் போகிறோம். அத்தை துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் உங்கள் பெயருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். நீங்கள் ஜெயிக்கப் போவதாகப் பூசாரியிடம் சொல்லியே விட்டார்களாம்.

உங்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தோளுக்கு மருந்து போட மறக்காதீர்கள்.

என்றும் உங்கள்,
கமலவேணி


காஜா பெராங்,
11-8-1958

அன்புள்ள அத்தானுக்கு,

கையெழுத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நான் சொல்லச் சொல்லச் சீதா எழுதுகிறாள். கடைக் கதவைச் சாத்தும்போது வலது கையில் இடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளைக்கு எழுத முடியாது, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள். வெள்ளிக்கிழமை நான் சிரம்பான் போனது டியூப் வாங்க மட்டும் இல்லை. உங்கள் பழைய சைக்கிளையும் லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். பந்தயத்தின் கடைசி நாள் நீங்கள் சிரம்பானிலிருந்து புக்கிட் பூத்துஸ் மலை ஏறி, குவாலா பிலா பக்கம் இறங்கித்தானே மலாக்கா வர வேண்டும்? அந்த இறக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

அப்புவிடம் போகும்போது சொல்லவில்லை. பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்புகையில், மலை உச்சிக்கு வந்ததும் லாரியை நிறுத்தச் சொன்னேன். சேலைக்குள் உங்கள் காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன். சேலையை மடித்துச் சீதாவிடம் கொடுத்துவிட்டு உங்கள் சட்டையோடு இறங்கி நின்றேன். அப்பு என்னை மேலும் கீழும் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள், அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தானே, "கீலா, கீலா" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் பைத்தியமாம். "கருணா கேட்டா நான் என்ன சொல்றது?" என்று அவருக்குத் தெரிந்த தமிழிலும் கேட்டார். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சாலை அழகாக இருக்கிறது, அத்தான். இரண்டு பக்கமும் காடு, ஒரு பக்கம் பாறை, கீழே எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். ஆனால் வளைவுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, மூச்சு விட இடம் கொடுக்காமல் வருகின்றன. நீங்கள் எழுதியது உண்மைதான். கை தானாகவே இறுகுகிறது. இறுகினால் சக்கரம் நின்றுவிடுகிறது, நின்ற சக்கரம் வழுக்குகிறது. கண்ணும் சாலையோரத்துச் சாக்கடையிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. எதைப் பார்க்கிறோமோ சைக்கிள் அங்கேதான் போகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வளைவு கண்ணில் பட்டவுடனே, நேராகப் போகும்போதே, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் கையைத் தளர்த்திவிடுங்கள். வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். உள்பக்கத்து மிதிகட்டை மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் தரையில் தட்டும். நான் இப்படித்தான் அடிவாரம்வரை வந்து சேர்ந்தேன்.

கீழே சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் ஒருவர், கால்சட்டை போட்ட தமிழ்ப் பெண்ணையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பு என்ன சொன்னாரோ தெரியவில்லை, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

பஸ் டிரைவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இரண்டு ஜோடி புதுப் பிரேக் கட்டைகள் இருக்கின்றன. உருண்டைகளைப் பொன்னுதுரைக்கும் கொடுங்கள்.

என்னால் முடிந்தது உங்களால் முடியாதா? மேனேஜரிடம் போய், நான் ஓடுகிறேன் என்று சொல்லுங்கள். அதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

உங்கள்,
கமலவேணி

அண்ணா, இனி நான் எழுதுவது என் சொந்தக் கடிதம். அண்ணி கடைக்குப் போயிருக்கிறார்கள். உறையை ஒட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கதவும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணி மலையில் விழுந்துவிட்டார்கள். மூன்றாவது வளைவோ நாலாவது வளைவோ, சைக்கிள் அப்படியே சரிந்து சாக்கடைக்குள் போய்விட்டது. பின்னாலேயே வந்த அப்பு மாமா லாரியை நிறுத்திவிட்டு ஓடினார். அண்ணி சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதார்கள். அண்ணி அழுது நான் பார்த்ததே இல்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்ல சீதா. அவரும் இப்படித்தானே விழுந்திருப்பாரு, பக்கத்துல நாம யாரும் இல்லையே" என்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சைக்கிளை லாரியில் ஏற்றி மறுபடியும் மேலே கொண்டுபோகச் சொன்னார்கள். அப்பு மாமா முடியவே முடியாது என்றார். அப்படியானால் தள்ளிக்கொண்டே ஏறுகிறேன் என்று அண்ணி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொண்டு போனார். இந்தத் தடவை லாரியை முன்னால் மெதுவாக விட்டார். நான் பின்பக்கம் உட்கார்ந்து அண்ணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலது கையை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இடது கைப் பிரேக்கிலேயே இறங்கினார்கள். பயத்தில் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் ஒரு வளைவில்கூட நிற்கவில்லை. அடிவாரத்துக்கு வந்ததும் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் விரிசல் என்று மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அம்மா கதவுக் கதையை நம்பிக்கொண்டு அந்தக் கதவைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னதாக அண்ணியிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

சீதா


சிரம்பான்,
30-8-1958, மாலை

அன்புள்ள கமலாவுக்கு,

அப்பு இங்கே வந்திருக்கிறார். காலையில் முதல் ஆளாக ஊருக்குத் திரும்புகிறாராம், நாங்கள் புறப்படுவதற்கு முன்பே இதை உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். உன்னைப் பற்றி அரை மணி நேரம் புகார் சொன்னார். ஆனால் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சீதா என்ன எழுதினாள் என்று உன்னிடம் சொல்லக்கூடாதாம். எனவே நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில், கையில் கிடைத்திருந்தால் அந்தப் பழைய சைக்கிளை உடைத்திருப்பேன். ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? விடுதித் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு நேராகக் கலியாணசுந்தரம் சாரிடம் போய், நான் ஓடுகிறேன் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ ஓடமாட்டேன்னு எப்பய்யா சொன்ன?" என்று கேட்டார்.

பொன்னுதுரையிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். என் இடம் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். பிறகு, "பிரேக் கட்டைய நான் மாட்டித் தரேன், நீங்க போயித் தூங்குங்க" என்றார். மூன்று நாளும் என் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போடுவது அவர்தான்.

முதல் நாள் கெந்திங் செம்பாவில் ஏறும்போது முன்னால் இருந்தேன். இறங்கும்போது நிறையப் பேர் என்னைத் தாண்டினார்கள். தாண்டட்டும் என்று விட்டேன். விழாமல் கீழே வந்தது அன்றைக்குப் போதும். இரண்டாம் நாள் ரவூப்பிலிருந்து 'கேப்' மலை. உச்சியில் எங்களுக்கு முன்னால் மழை வந்து காத்திருந்தது. குவாலா குபுவரை ஒரே இறக்கம், வளைவு, தண்ணீர். முதல் வளைவிலேயே ஒருவர் என் கண்முன்னால் புல்லுக்குள் போய் விழுந்தார். கை இறுகியது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இறுகின கையைத் தளர்த்த முடிந்தது. அடுத்த வளைவில் அதைவிடச் சுலபமாகத் தளர்ந்தது. பாதி மலை இறங்கியபோது, நான் யாரையோ தாண்டிக்கொண்டு போகிறேன் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கீழே வந்தபோது எனக்கு முன்னால் சொற்பப் பேர்தான் இருந்தார்கள். குளிரிலும் சந்தோஷத்திலும் பல் தந்தியடித்தது.

இன்று சமதரை, வெயில், ஒன்றும் சொல்வதற்கில்லை. நம் குழு நாலாவது இடத்தில் இருக்கிறது. மூன்றாவது இடம் எட்டாத தூரத்தில் இல்லை. நாளைக்குப் புக்கிட் பூத்துஸில் முன்னால் போகும்படி சார் என்னிடம்தான் சொல்லியிருக்கிறார். போவேன். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அம்மாவையும் சீதாவையும் திடலுக்கு அழைத்து வந்துவிடு. கூட்டம் இருக்கும், கையைப் பார்த்துக்கொள். பின்னால் போய் நிற்காதே, முன்வரிசையில் நில்.

இன்னும் ஒரு விஷயம். இன்றைக்குச் சாப்பிடும்போது பந்தயக் கமிட்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். டிசம்பரில் போர்ட்டிக்சனில் ஒரு பந்தயம் வைக்கப் போகிறார்கள். பெண்களுக்கும் தனியாக ஒன்று வைக்கலாம், ஆனால் ஓடுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, மலாக்காவில் ஒருவர் இருக்கிறார், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பெயர் கேட்டார்கள். சொன்னேன். உனக்கு உறவா என்று கேட்டார்கள். புக்கிட் பூத்துஸ் இறங்கியவர் என்று மட்டும் சொன்னேன்.

உன்னைக் கேட்காமல் கொடுத்தது தவறென்றால் நாளைக்கு எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, கமலா. உன் கை சீக்கிரம் குணமாக வேண்டும் என்று இன்றைக்கு நான் கும்பிட்டது கையெழுத்துக்காக மட்டும் இல்லை.

அன்புடன்,
கருணாகரன்