அண்ணாவின் வலது பெருவிரல்

குருநகர்
2024 பெப்ரவரி 4

அன்புத் தங்கை தயாளினிக்கு,

நீ மடத்துக்குப் போன பிறகு நான் எழுதும் முதற் கடிதம் இது. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. தாதி வேலையையும் அப்பாவையும் விட்டுவிட்டு நீ கன்னியாஸ்திரியாகப் போனது இன்னும் எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் உடம்புக்கு வருத்தம் என்றால் உன்னைக் கேட்டே பழகிவிட்டோம்.

போன கிழமை இறங்குதுறையில் வழுக்கி விழுந்தேன். கையில் வலைக்கயிறு இருந்தது. வலது பெருவிரல் வெளிப்பக்கமாக மடங்கி, இப்போது வீங்கி நீலமாகக் கிடக்கிறது. "எலும்பு முறியேல்லை அண்ணை, சும்மா சுளுக்கு" என்கிறான் என்னோடு கடலுக்கு வரும் டினேஸ். எண்ணெய் போட்டுக் கட்டியிருக்கிறேன். இடது கையால் எழுதுகிறேன், எப்படியாவது வாசித்துக்கொள்.

உன் அண்ணா
கனிசியஸ்

மட்டக்களப்பு
பெப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

கோணல் எழுத்தானாலும் உங்கள் எழுத்து. எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது.

டினேஸ் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். பெருவிரலின் அடிமூட்டில், சுட்டுவிரல் பக்கமாக, மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு நார் உண்டு. லிகமென்ட் என்பார்கள். அது அறுந்தால் எலும்பு முறியாமலே கை பலமிழந்துவிடும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு கடதாசியைப் பிடியுங்கள். ஷெரோன் அண்ணியை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். நழுவினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாரையும் விரலை வளைத்துப் பார்க்க விடவேண்டாம். நாள் போனால் தைப்பதும் கஷ்டம்.

அப்பாவுக்கு என் முத்தம்.

தயாளினி

குருநகர்
பெப்ரவரி 18

அன்புத் தங்கைக்கு,

கடதாசி நிற்கவில்லை. "இப்பவே வெளிக்கிடுங்கோ" என்று ஷெரோன் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. டொக்டர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு இரண்டு பெருவிரல்களையும் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். இடது ஓரிடத்தில் நின்றது. வலது, பிணைச்சல் கழன்ற கதவு போலப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்கானும் எடுத்தார்கள். அறுந்த நாரின் நுனி பக்கத்துத் தசைக்கு மேலே மடங்கிப்போய் நிற்கிறதாம்.

"கட்டிப் போட்டால் ஒட்டாதோ டொக்டர்?"

"ஒட்டாது. இடையிலை சதை நிக்குது. தைக்கத்தான் வேணும்."

வியாழக்கிழமை தைத்துவிட்டார்கள். முழங்கைக்குக் கீழே மாக்கட்டு. வலை இழுக்க மாதக்கணக்காகுமாம். "பிள்ளை பக்கத்திலை இருந்தால் நல்லது" என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். உன்னைத்தான்.

கனிசியஸ்

மட்டக்களப்பு
பெப்ரவரி 25

அன்புள்ள அண்ணா,

மடத்துத் தலைவியோடு கதைத்தேன். ஜூனில்தான் நான் துறவற உறுதி எடுக்கும் முதல் வார்த்தைப்பாடு. அதற்கு முன் வீட்டுக்குத் திரும்ப விரும்பினால் தடையில்லை என்றார். அப்பாவையும் உங்கள் கையையும் நான் வந்து பார்க்கிறேன். மடத்தை விட்டுவர எனக்குக் கவலையா என்று மட்டும் கேட்காதீர்கள். "வா" என்று ஒரு சொல் எழுதுங்கள், போதும்.

தயாளினி

குருநகர்
மார்ச் 24

என் அன்புத் தங்கைக்கு,

பதிலுக்குக் காக்க வைத்துவிட்டேன். உண்மையில், உன் கடிதம் கண்டு சந்தோஷப்பட்டேன். "வா" என்று எழுதி உறையிலும் போட்டேன். ஷெரோன் கண்டுவிட்டாள்.

"உங்கடை கை வருத்தத்தைச் சாட்டாக வைச்சே அவளைக் கூப்பிடப்போறியள்?"

உறையைக் கிழித்துப் போட்டேன்.

மாக்கட்டு கழற்றியாயிற்று. விரல் விறைத்துத்தான் இருக்கிறது. பயிற்சி தரும் தனுஷிகா என்ற பிள்ளை, அவசரப்பட்டால் தையல் விட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறாள். சட்டைப் பொத்தான் பூட்ட முடிகிறது. டினேஸ் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு எங்கள் படகில் போய்வருகிறான். அப்பாவின் மருந்தை நான்தான் கொடுக்கிறேன். நீ கொடுப்பதுபோல் இல்லையென்று முறைப்பட்டுக்கொண்டே விழுங்குகிறார்.

நீ வரவேண்டாம் தங்கச்சி.

வார்த்தைப்பாட்டன்று பீடம்வரை கூட்டிப்போக வீட்டிலிருந்து ஒருவர் வேண்டும் என்று போன வருடம் எழுதிக் கேட்டிருந்தாய். அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க இயலாது.

நான் வாறன்.

உன் அண்ணை
கனிசியஸ்